கழற்றி எடுக்கும்படி போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழுப்பரீட்சை முடிந்ததும் நெல்லைச் சீமைக் குடும்பங்கள் கடலைப் பார்க்கக் கிளம்பிவிடும். தூத்துக்குடி முத்துநகர் கடற்கரை, திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, இன்னும் கொஞ்சம் எட்டிப்போனால் கன்னியாகுமரி. போகிற இடத்தில் பிள்ளைகளுக்கு ராட்டினம் வேண்டும். தள்ளாத வயதில் இருப்பவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் மணலில் சிக்காமல் அலை ஓரம் வரை போக ஒரு மரப்பாதை வேண்டும். மெரினாவில் இருக்கிறதே, நம் கரையில் ஏன் இல்லை என்று கேட்பது நியாயமான கேள்வி. இரும்புவேலையும் தச்சுவேலையும் பார்க்கிற நாங்கள் அந்தக் கோரிக்கையை முழு மனதோடு ஆதரிக்கிறோம். எங்கள் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். கடற்கரையில் எதைப் போட்டாலும், கழற்றி எடுக்கும்படி போடுங்கள்.

மெரினாவின் மரப்பாதை 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். 2022 நவம்பர் 27 அன்று திறந்தார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 9 இரவு கரை கடந்த மாண்டஸ் புயலில் அதன் கடலோரப் பகுதி பெயர்ந்துபோனது. பிறகு செப்பனிட்டுத் திரும்பத் திறந்தார்கள், அது நல்ல காரியம். ஆனால் மழைக்காலத்தின் நடுவில் நகர்த்த முடியாத ஒன்றை அலைக்கு முன்னால் விட்டுவைத்தால் இதுதான் நடக்கும். மரத்தையோ செய்தவர்களையோ குறை சொல்லிப் பயனில்லை. பலகைக்கு அடியில் புகும் அலை மேல்நோக்கித் தள்ளும். மேலிருந்து வரும் பாரத்துக்குக் கணக்குப் போட்ட ஆணி, கீழிருந்து வரும் தள்ளுக்குப் பிடித்து நிற்காது.

இந்த வகைப் பாதை முதலில் வந்த ஊர் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி. ஆண்டு 1870. கடலாடிவிட்டு வருகிறவர்கள் கால் மணலை விடுதிக்குள்ளும் ரயில் பெட்டிக்குள்ளும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்பதற்காகப் போட்ட பாதை அது. அகலம் எட்டடி. துண்டு துண்டாகச் செய்து கோடைக்கு விரித்தார்கள், குளிர்காலம் வந்ததும் எடுத்து அடுக்கிவைத்தார்கள். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் அந்தத் தச்சர்களுக்குத் தோன்றியது நமக்கும் பொருந்தும். நமக்குக் குளிர்காலம் இல்லை, ஐப்பசி கார்த்திகை அடைமழை இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததையும், தாமிரபரணி இரு கரையும் புரண்டதையும் இந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 

துண்டின் அளவு முக்கியம். பாதையின் குறுக்கே 6 அடி, நீளவாக்கில் 4 அடி என்று வைத்துக்கொண்டால் எதிரெதிரே இரண்டு சக்கர நாற்காலிகள் விலகிப் போகலாம். ஒன்றரை அங்குலப் பலகை, அடியில் நான்குக்கு இரண்டு அங்குலச் சட்டம் நான்கு. கெட்டி மரத்தில் செய்தால் ஒரு துண்டு 80 முதல் 90 கிலோ வரும். நான்கு பேர் தூக்கலாம். இதைவிடப் பெரிதாகச் செய்தால் கிரேன் வேண்டும், மணலில் கிரேன் இறங்காது, அப்புறம் யாரும் கழற்ற மாட்டார்கள். 200 மீட்டர் பாதைக்கு இப்படி 164 துண்டு ஆகும். எட்டுப் பேர் இரண்டு நாளில் எடுத்துவிடலாம். பத்துப் பத்தாக அடுக்கினால் 600 சதுர அடிக் கொட்டகை போதும்.

பலகைகளுக்கு நடுவே கால் அங்குல இடைவெளி. அதைவிடக் குறைந்தால் மணல் அடைத்துக்கொண்டு தண்ணீர் வடியாது, மரம் ஊறி முறுக்கிக்கொள்ளும். அரை அங்குலத்தைத் தாண்டினால் ஊன்றுகோல் நுனியும் சக்கர நாற்காலியின் முன்சக்கரமும் மாட்டும். பலகை பாதைக்குக் குறுக்காகத்தான் ஓட வேண்டும். நீளவாக்கில் போட்டால் இடுக்கு முழுவதும் சக்கரத்துக்குப் பொறி. ஏற்றம் வருகிற இடத்தில் 12 அடிக்கு ஓரடிக்கு மேல் உயரக் கூடாது. வெட்டிய முனைகளில்தான் மரம் தண்ணீர் குடிக்கும், அதனால் பூட்டுவதற்கு முன்னே ஒவ்வொரு முனைக்கும் இரண்டு தடவை எண்ணெய் பூச வேண்டும். பூட்டிய பிறகு அந்த முனைக்குத் தூரிகை போகாது.

திருகாணியில் காசு மிச்சம் பிடிக்கவே கூடாது. துத்தநாகம் லேசாகப் பூசிய சாதாரண ஸ்க்ரூ கடற்கரையில் ஒரு மழைக்காலம்கூட ஒழுங்காகத் தாங்காது. எவர்சில்வரிலும் 304 ரகம் புள்ளி புள்ளியாக அரிக்கும், மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம்தான் உப்புக்குத் தாங்கும். அதையும் சாதாரண இரும்போடு நேராக முட்டவிட்டால், ஈரம் படும்போது இரும்பு சீக்கிரம் கரையும். நடுவில் நைலான் வாஷர் போட வேண்டும். மரப்பாதை கெடுவது பெரும்பாலும் ஆணியில் தொடங்கித்தான். மரம் அதற்கப்புறம்தான்.

என்ன மரம் என்ற கேள்விக்கு நம் ஊரிலேயே பாதி விடை இருக்கிறது. வைரம் பாய்ந்த பனை உப்புநீருக்கு அஞ்சாது, தண்ணீரில் நிற்கும் துறை வேலைகளுக்கே பயன்பட்ட மரம். ஆனால் அதை அடிச்சட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பனையின் நார் காய்ந்தால் ஊசிபோல் சிராய் கிளம்பும், வெறுங்காலில் நடக்கிற இடத்துக்கு ஆகாது. நடுப்பாகம் சோறாக இருக்கும், வெளிச்சுற்றில்தான் வைரம். இதற்காக நிற்கிற பனையை வெட்டவே வேண்டாம். ஆட்சியர் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்ற அரசின் ஏற்பாடும் இருக்கிறது. காற்றில் சாய்ந்த பனையும், பழைய ஓட்டுவீடுகளைப் பிரிக்கும்போது வருகிற, கூரை தாங்கிய பனங்கைகளும் போதும். மேல்பலகைக்குக் கருவேலம் நல்லது.

இனி ராட்டினம். குடை ராட்டினம், கொலம்பஸ், டோரா டோரா, ராட்சத ராட்டினம் எல்லாமே ஊர் ஊராகக் கழற்றிப் பூட்டும்படி பிறந்தவை. நெல்லையப்பர் ஆனித் திருவிழாவை ஒட்டிப் பொருட்காட்சித் திடலில் நிற்கும் ராட்டினமும் குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் கடற்கரையில் நிற்கும் ராட்டினமும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் திடலில் மூன்று மாதத்தில் பிடிக்கிற துரு கடற்கரையில் மூன்று வாரத்தில் பிடிக்கும். பகலில் படிந்த உப்பு ராத்திரிப் பனியில் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இரும்பை அரிப்பது அந்த ராத்திரி ஈரம்தான். அதனால் காலையில் துடைப்பதில் பிரயோசனம் இல்லை. கடை கட்டும்போதே நல்ல தண்ணீர் விட்டு, முளையாணி போகும் துளைகள், வெல்டிங் மூட்டுகள், இருக்கைக்கு அடிப்பக்கம் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் ஊரில் அதைக்கொண்டு கழுவுவது உப்பை இன்னொரு தடவை பூசுவதுதான். லாரித் தண்ணீருக்கு இடம் ஒதுக்காமல் கடற்கரையில் ராட்டினத்துக்கு அனுமதி கொடுக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து.

வெளித்துரு கண்ணுக்குத் தெரியும், சுரண்டிப் பெயிண்ட் அடிக்கலாம். உயிரை எடுப்பது குழாய்க்குள் பிடிக்கும் துரு. 2017 ஜூலை 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பொருட்காட்சியில், ஊசலாடிக்கொண்டே சுழலும் ராட்டினம் ஒன்றின் இருக்கைக் கொத்து ஓட்டத்திலேயே பிய்ந்து பறந்தது. ஒரு இளைஞர் இறந்தார், ஏழு பேர் காயம்பட்டார்கள். 18 ஆண்டு ஓடிய யந்திரம், ஆய்வாளர்கள் பார்த்துச் சரி சொன்ன யந்திரம். அதைச் செய்தவர்களே ஆராய்ந்து சொன்ன காரணம்: இருக்கையைத் தாங்கிய இரும்புக் கையின் உட்புறம் அரித்து, தகட்டின் கனம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டது. அந்த ஊருக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை. மழைத்தண்ணீரே அவ்வளவு செய்யுமானால் கடல்காற்று என்ன செய்யும் என்று ஒவ்வொரு ராட்டின உரிமையாளரும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

சுத்தியலால் தட்டிப் பார்ப்பது பழைய வழி. நல்ல குழாய் மணிபோல் ஒலிக்கும், அரித்த குழாய் பொத்தென்று கேட்கும். இது முதல் சந்தேகத்துக்கு உதவும், முடிவுக்கு உதவாது. அல்ட்ராசோனிக் தடிமன் கருவியை வெளியிலிருந்து வைத்தால் தகட்டின் கனத்தை மில்லிமீட்டரில் சொல்லிவிடும். 5 மில்லிமீட்டர் தகடு 4 என்று காட்டினால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். எங்கள் கணக்கில் பத்தில் ஒரு பங்கு குறைந்ததுமே அந்தக் கையை மாற்றிவிட வேண்டும். ஒவ்வொரு குழாயின் தாழ்ந்த முனையிலும் தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கிறதா, அது பெயிண்டால் அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வெல்டிங் ஓரத்தில் தலைமுடி கனத்தில் துருக்கோடு ஒழுகியிருந்தால் அங்கே விரிசல் இருக்கிறது. அதன்மேல் புதுப் பெயிண்ட் அடிப்பது குற்றம் என்றே நாங்கள் சொல்வோம்.

அடித்தளம் அடுத்தது. ஆளும் சேர்த்து 12 டன் வரும் ஒரு ராட்டினம் நான்கு காலில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு காலுக்கு 3 டன். காலடித் தகடு ஒரு சதுர அடி. இளகிய காய்ந்த மணல் சதுர அடிக்கு ஏறக்குறைய ஒரு டன்தான் தாங்கும். அப்படியே நிறுத்தினால் புதையும், நான்கு காலும் ஒரே அளவில் புதையாது, சாயும். 9 அடி நீளம், 10 அங்குல அகலமுள்ள ஒரு ரயில் கட்டை ஏழரைச் சதுர அடி. ஒவ்வொரு காலுக்கும் இரண்டு கட்டை போட்டால் ஆட்டத்தின் உதறலையும் சேர்த்துத் தாங்கும். செங்கல், உடைந்த டைல்ஸ், மணல் மூட்டை இவற்றை முட்டுக் கொடுத்திருந்தால் அந்த ராட்டினத்தில் ஏறாதீர்கள். மழை பெய்த மறுநாள் கட்டைக்கு அடியில் மணல் கரைந்து பொந்து விழுந்திருக்கும். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் ஓட்டக் கூடாது.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் நம் கரையைப் பற்றிப் பேச முடியாது. ஆனி ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்றில் பணகுடி, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில் காற்றாலை சுற்றும் வேகத்தை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பியத் தர நெறியில் இடம்பெயரும் ராட்டினங்களுக்கு நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர்தான் ஓட்டத்துக்கான காற்று எல்லை. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் 14 கிலோ தள்ளு விழும். வேகம் இரு மடங்கானால் தள்ளு இரு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகி 55 கிலோவைத் தாண்டிவிடும். இது தெரியாமல் ராட்டினத்தின் உச்சியிலும் நடுவிலும் பிளக்ஸ் கட்டுகிறார்கள். பத்தடிக்கு எட்டடிப் பிளக்ஸ் ஒன்று, எல்லைக் காற்றிலேயே 100 கிலோவால் ராட்டினத்தைத் தள்ளுகிறது. அது பாய்மரம். விளம்பரத்தைத் தரையில் கட்டுங்கள். காற்றளவி ஒன்றை உச்சியில் வைத்து, எல்லை தொடும் முன்பே ஆளை இறக்க வேண்டும், இறக்குவதற்கே பத்து நிமிடம் பிடிக்கும்.

மின்சாரத்தில் கடற்கரைக்கே உரிய ஒரு கோளாறு உண்டு. காய்ந்த மணல் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதில் மூன்றடிக் கம்பியைக் குத்திவிட்டு எர்த் கொடுத்தாயிற்று என்பது வெறும் பேச்சு. ஈரமணல் தட்டுப்படும் வரை, வேண்டுமானால் பத்தடி வரை, கம்பி இறங்க வேண்டும். ஜெனரேட்டரை அடுத்து 30 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி., அதாவது மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், கட்டாயம். அது அடிக்கடி விழுகிறதென்று நேர் இணைப்புக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். உப்புப் படிந்த பிளக்கில் கசிவு இருப்பதால்தான் அது விழுகிறது. சுவிட்ச் தன் வேலையைச் செய்கிறது, பிளக்கைத் துடைத்து மாற்றுங்கள்.

வாசகர்கள் டிக்கெட் எடுக்கும் முன் ஐந்து நிமிடம் ஓரமாக நின்று பார்த்தால் போதும், பாதி விஷயம் தெரிந்துவிடும். ஓட்டுகிறவர் ஒருவர், இருக்கைப் பூட்டுகளை இழுத்துப் பார்ப்பவர் ஒருவர் என்று இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒவ்வொரு பூட்டையும் கையால் இழுக்கிறாரா, பார்வையால் மட்டும் தாண்டிப் போகிறாரா என்று கவனியுங்கள். ராட்சத ராட்டினத்தில் ஒரு தொட்டிலில் ஏற்றினால் அடுத்து நேர் எதிர்த் தொட்டிலில் ஏற்றுவார்கள், நல்ல ஓட்டுநர் அப்படித்தான் செய்வார். வரிசையாக ஒரே பக்கம் நிரப்பினால் பாரமான பக்கம் தானே கீழே ஓடிவரும், பிரேக் நழுவும். அதனால் "எங்களை எல்லாம் ஒரே இடத்தில் ஏற்று" என்று குடும்பமாகச் சண்டை போடாதீர்கள். பின்னலையும் முந்தானையையும் துப்பட்டாவையும் செருகிக்கொள்ளுங்கள், சுழலும் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு முழத் துணி போதும் விபத்துக்கு. கொலம்பஸ் கப்பலில் கடைசி வரிசைதான் மிக உயரம் போகும், முதல் தடவை ஏறும் பிள்ளைகளை நடுவில் உட்காரவையுங்கள். பொரிச்ச புரோட்டா தின்ற கையோடு ஏற்ற வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும்.

யந்திரம் பாதியில் நின்றுவிட்டால் பூட்டைத் திறந்து இறங்க முயலக் கூடாது. 2025 மே மாதம் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் பலர் ராட்டினத்தில் உயரத்தில் சிக்கி, தீயணைப்புத் துறையின் ஏணி வண்டி வந்துதான் இறங்கினார்கள். அவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்ததால்தான் எல்லோரும் பத்திரம். நம் கடற்கரையில் அந்த ஏணி வண்டி மணலில் இறங்காது என்பதையும் அனுமதி கொடுப்பவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். ராட்டினம் எவ்வளவு உயரம் இருந்தாலும் தார்ச்சாலை ஓரத்திலிருந்து ஏணி எட்டுகிற தூரத்தில்தான் நிற்க வேண்டும்.

கடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம், பரதவர்களுக்குத் தெரிந்ததில் நூறில் ஒரு பங்கும் எங்களுக்குத் தெரியாது. தூத்துக்குடியில் தீவுகளும் துறைமுகத் தடுப்புச் சுவர்களும் அலையை மட்டுப்படுத்துவதால் கடல் குளம்போல் இருக்கும். அதே நினைப்போடு மணப்பாட்டிலும் உவரியிலும் இறங்கக் கூடாது, அங்கே கடல் திறந்த கடல். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் மட்டும் அலை உடையாமல் அமைதியாக ஒரு சந்து தெரிந்தால் அங்கேதான் நீவாடு, அதாவது நீரோட்டம், கடலுக்குள் இழுக்கிறது. பிள்ளைகள் அமைதியாக இருக்கிறதென்று அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். காற்றே இல்லாத நாளில் திடீரென்று ஏறும் கள்ளக்கடல் சித்திரை வைகாசியில், அதாவது விடுமுறை மாதத்திலேயே வரும். 2024 மே மாதம் குமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அது கொண்டுபோனது. கடல் நிலையைக் கணிக்கும் ஹைதராபாத் இன்காய்ஸ் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. அந்த எச்சரிக்கை வந்த நாளில் மரப்பாதையின் கடல்முனைத் துண்டுகளைப் பின்னால் இழுத்துவிட்டாலே ஆட்கள் அந்தப் பக்கம் போவது பாதி குறையும். கழற்றும் பாதைக்கு இந்த வசதியும் உண்டு.

2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கடற்கரையில் தற்காலிகச் சுற்றுலா வசதிகளை உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டராவது தள்ளி வைக்கச் சொல்கிறது. திருச்செந்தூரில் கோவில் முன்னால் மணல் பல அடி அரிபட்டுப் போனதைப் பார்த்தவர்கள் அந்தப் பத்து மீட்டர் நிலையாக நிற்காது என்று ஒப்புக்கொள்வார்கள். கோடு நகர்ந்தால் பாதையும் நகர வேண்டும். காங்கிரீட் நகராது. தை முதல் பங்குனி வரை ஆமை முட்டையிட வரும் கரைகளில் ராட்டின விளக்குகளைக் கடல் பக்கம் திருப்பாமல், இரவு கடை கட்டியதும் அணைத்துவிடவும் வேண்டும், வெளிச்சத்தைப் பார்த்துக் குஞ்சுகள் கடலுக்குப் போகாமல் சாலைக்கு ஏறிவிடும்.

மாவட்ட நிர்வாகங்களும் உள்ளாட்சிகளும் திட்ட மதிப்பீடு போடும்போது, பாதைக்கான மரத்தோடும் ஆணியோடும் இன்னும் மூன்று வரிகளைச் சேர்க்க வேண்டுகிறோம். ஒன்று, துண்டுகளை அடுக்க 600 சதுர அடி ஓட்டுக் கொட்டகை. இரண்டு, ஐப்பசி பிறக்கும் முன் கழற்றவும் தை பிறந்தபின் விரிக்கவும் எட்டுப் பேருக்கு நான்கு நாள் கூலி, ஆண்டுதோறும். மூன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தடிமன் கருவி வைத்து எடுத்த அளவுகளை, எந்தக் கை, எந்தக் குழாய், எத்தனை மில்லிமீட்டர் என்று ராட்டினத்தின் டிக்கெட் கவுண்டரிலேயே தமிழில் எழுதி ஒட்டவேண்டும் என்ற ஒப்பந்த நிபந்தனை.

இப்படிக்கு,
இரும்புவேலை, தச்சுவேலைத் தொழிலாளர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.